சோறு விட்ட வயிறு, தேறாத உடம்பு



இந்த மாதப் பாடம் வயிற்றைப் பற்றியும் எடையைப் பற்றியும். "சோறு சாப்பிட்டா வயிறு உப்புது, விட்டா உடம்பு இளைக்குது, நான் என்னதான் செய்ய?" என்று நம் கூட்டங்களில் பலர் கேட்டிருக்கிறீர்கள். பதில் சொல்ல நாங்கள் தாமதித்துவிட்டோம். ஏன் தாமதம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம்.

ஒரு குழுவின் பிரதிநிதி எங்களிடம், "மேடம், ஒரு அக்கா ரெண்டு மாசமா தவணை கட்டலை, கூட்டத்துக்கும் வரலை" என்றார். தவணை கேட்கத்தான் போனோம். அந்த அக்கா திண்ணையில் சுருண்டு படுத்திருந்தார். வயது 42. எழுந்து உட்கார்ந்து கை நீட்டியபோது வளையல் முழங்கை வரை ஏறியது. தவணைப் பேச்சை அப்படியே விட்டுவிட்டோம். (அவர் சம்மதத்தோடு, பெயர் போடாமல் எழுதுகிறோம்.)

"ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு பானை மாதிரி உப்பிக்கிடுது மேடம். ஏப்பம், பொருமல். காலைல மூணு தடவை வெளிய போகணும். அதான் சோத்த விட்டேன். அப்புறம் சப்பாத்தி சாப்பிட்டுப் பார்த்தேன், அது இன்னும் மோசம். இட்லி, கூழு, பருப்பு எல்லாத்தையும் விட்டுட்டேன். இப்ப கீரையும் வெள்ளரிக்காயும் மோருந்தான்."

"யாரு அக்கா இப்படி விடச் சொன்னது?"

"நீங்கதான மேடம். போன வருசம் படம் காட்டி வகுப்பு எடுத்தீங்கள்ல? அரிசியில மாவுச்சத்து, அதைக் குறைங்க, கீரையும் காயும் நிறையச் சாப்பிடுங்கன்னு சொன்னீங்க."

உண்மைதான். அது சர்க்கரை நோய் பற்றிய வகுப்பு. உடம்பு கூடியவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் சொன்னது. ஒல்லியாக, வயிற்றுக் கோளாறோடு உட்கார்ந்திருந்த ஒருவர் அதைத் தனக்கு என்று எடுத்துக்கொள்வார் என நாங்கள் யோசிக்கவில்லை. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 40 பேர் எடை கூடியவர்கள், சுமார் 13 பேர் எடை குறைந்தவர்கள். நாங்கள் அந்த 40 பேருக்கு மட்டும் பாடம் எடுத்தோம். 13 பேரும் அதே பாயில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் காரணத்தைத் தேட வேண்டும்

அக்காவின் உயரம் 152 சென்டிமீட்டர். முன்பு 47 கிலோ இருந்தவர் 38 கிலோவுக்கு வந்திருந்தார். யாருமே முயற்சி செய்யாமல் ஆறு மாதத்தில் உடம்பின் எடையில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால், அதாவது 50 கிலோ உள்ளவர் இரண்டரை கிலோவுக்கு மேல் இறங்கினால், அது டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயம். "கேஸ் டிரபிள்" என்று நாமே பெயர் வைத்து மெடிக்கலில் மாத்திரை வாங்கி விழுங்கினால் உள்ளே இருக்கிற நோய் தெரியாமலே வளரும்.

வயிற்றுக் கோளாறோடு எடையும் இறங்கப் பல காரணங்கள் உண்டு. குடல் புழு, அசுத்தத் தண்ணீரில் வரும் கிருமிகள், சர்க்கரை நோய், தைராய்டு கூடுதலாகச் சுரப்பது, நுரையீரலிலோ குடலிலோ காசநோய், கணையத்தில் கோளாறு, சில நேரம் புற்றுநோய்கூட. சிலருக்குப் பால் மட்டும் ஒத்துக்காது. சிலருக்குக் கோதுமையில் உள்ள ஒரு புரதம் குடலைப் புண்ணாக்கும். அவர்களுக்கு அரிசி ஒன்றும் செய்யாது. (இந்தக் கோதுமை நோய்க்கு ரத்தப் பரிசோதனை செய்வதாக இருந்தால், பரிசோதனை முடியும் வரை கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடும்.) மனக்கவலையிலும் சாப்பாடு இறங்காது. அதையும் டாக்டரிடம் சொல்லலாம், வெட்கமில்லை.

அக்காவை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். ரத்தம், சர்க்கரை, சளி, மலம் எல்லாம் பார்த்தார்கள். மலப் பரிசோதனை என்றதும் அக்கா கூச்சப்பட்டு டப்பாவை முந்தானையில் மறைத்து எடுத்து வந்தார். கடைசியில் காரணம் தெரிந்தது அந்த டப்பாவில்தான். ஜியார்டியா என்ற கிருமி. கண்ணுக்குத் தெரியாது. அசுத்தமான தண்ணீர், கழுவாத கை வழியாக வரும். வயிறு உப்புசம், நாற்றமான பேதி, இளைப்பு எல்லாம் இதன் வேலை. கூடவே ரத்தசோகை, ஹீமோகுளோபின் 8 தான் இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள், கிருமி போனது. அக்கா ஒரு வருடமாகப் பழி போட்டிருந்த அரிசி ஒரு குற்றமும் செய்யவில்லை.

இன்னொன்றும் அங்கே தெரிந்துகொண்டோம். மாவுச்சத்து உள்ள தானியங்களில் அரிசிதான் வயிற்றுக்கு லேசானது. குடலில் ஏறக்குறைய முழுவதும் செரித்துவிடும். கோதுமை, கிழங்கு, பயறு வகைகளில் கொஞ்சம் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே வாயுவாகும். அக்காவுக்குச் சப்பாத்தி இன்னும் மோசமானதன் காரணம் இப்போது புரிகிறதா?

மாவுச்சத்து எதில் எல்லாம் இருக்கிறது?

காரணம் தெரிந்தும் அக்காவுக்குப் பயம் போகவில்லை. சோற்றைப் பார்த்தாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் வற்புறுத்தவில்லை. "சில வாரம் சோறு இல்லாமலே இருக்கட்டும். ஆனா அந்த இடத்தைக் காலியா விடக்கூடாது. சத்துள்ள வேற சாப்பாட்டால நிரப்புங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சோத்தைக் கொண்டு வரலாம்" என்றார். நம்மில் சர்க்கரை நோய் உள்ள ஒல்லியான பெண்களுக்கும் இதே சிக்கல் உண்டு. டாக்டர் மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்கிறார், உடம்போ கரைந்துகொண்டு போகிறது.

மாவுச்சத்து என்றால் அரிசி மட்டும் என்று நினைக்கிறோம். குழுக் கூட்டத்தில் ஒரு சோதனை செய்து பாருங்கள். மருந்துக் கடையில் டிங்ச்சர் அயோடின் சின்னப் பாட்டில் கிடைக்கும். ஆறிப்போன சோறு, இட்லி, சப்பாத்தி, பிஸ்கட், ஜவ்வரிசி, உருளைக்கிழங்கு, வாழைக்காய், முட்டை வெள்ளை, தேங்காய், வெள்ளரிக்காய் எல்லாவற்றிலும் ஒரு துண்டு தட்டில் வைத்து, ஆளுக்கு ஒரு சொட்டு விடுங்கள். மாவுச்சத்து இருந்தால் கருநீலமாக மாறும். இல்லாவிட்டால் பழுப்பாகவே நிற்கும். சூடாக இருந்தால் நிறம் சரியாகத் தெரியாது, ஆறிய பிறகு விடுங்கள். சோதித்ததைத் தின்னக் கூடாது, பிள்ளைகளுக்கும் எட்டக் கூடாது, குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

எங்கள் கூட்டத்தில் பிஸ்கட் கருநீலமானதும் ஒரே சிரிப்பு. "நான் சோறே தொடுறதில்ல மேடம்" என்று சொல்லிக்கொண்டு ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிடுகிற இரண்டு பேர் அங்கேயே இருந்தார்கள்! கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, மரவள்ளி, சேனை, சேமியா, மைதா எல்லாம் மாவுச்சத்துதான். சத்துமாவுக் கஞ்சியும் அப்படியே. பருப்பு, பயறிலும் புரதத்தோடு மாவுச்சத்து உண்டு. வாழைக்காயில் உள்ள மாவு பழுக்கப் பழுக்கச் சர்க்கரையாக மாறும். ஆகவே நன்றாகப் பழுத்த பழத்தில் மாவு குறைவு, இனிப்பு அதிகம்.

உடம்பின் வரவு செலவு

நாம் பேரேடு எழுதத் தெரிந்தவர்கள். உடம்புக்கும் ஒரு பேரேடு உண்டு. சாப்பாடு வரவு, வேலை செலவு. கலோரி என்பது அந்தக் கணக்கின் ரூபாய். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு, உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் நாளுக்கு 1,660 கலோரியும், நடுத்தர வேலைக்கு 2,130ம், கடும் உழைப்புக்கு 2,720ம் தேவை என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல் கணக்குக் கொடுத்திருக்கிறது. எடை குறைந்தவருக்குக் கொஞ்சம் குறையும்.

அக்காவின் வரவை எழுதிப் பார்த்தோம். நாலு டீ, இரண்டு கப் கீரை, வெள்ளரிக்காய், மூன்று டம்ளர் தண்ணி மோர். கூட்டினால் 500 கலோரிகூடத் தேறவில்லை. அதோடு களை எடுக்கவும் போய்க்கொண்டிருந்தார். சேமிப்பில் இருந்ததை எடுத்துத் தினமும் செலவு செய்தால் என்ன ஆகும்? உடம்பு முதலில் கொழுப்பைக் கரைக்கும், கூடவே சதையையும் தின்னும். நடந்தால் மூச்சு வாங்குவதும், எழுந்தால் தலை சுற்றுவதும் அதனால்தான்.

ஒரு கப் சோறு சுமார் 200 கலோரி. ஒரு கப் வெந்த கீரை 40 கலோரிதான். கீரை நல்லது, இரும்பும் வைட்டமினும் தரும். ஆனால் ஒரு கப் சோறு விட்ட இடத்தைக் கீரையால் நிரப்ப ஐந்து கப் வேண்டும்! எந்த வயிறு தாங்கும்? அதுவும் உப்புகிற வயிறு.

ஆக, சின்னக் கையளவில் நிறையச் சத்து உள்ள பொருளாகப் பார்க்க வேண்டும். ஒரு கிராம் மாவுச்சத்தும் ஒரு கிராம் புரதமும் 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் அல்லது நெய் 45 கலோரி. இங்கேதான் வழி இருக்கிறது. எண்ணெய், தேங்காய், எள், நிலக்கடலை, முட்டை, மீன், கறி, கெட்டித் தயிர். எல்லாம் நம் ஊர்ச் சந்தையில் கிடைப்பவை.

அக்கா சாப்பிட்டது

விடிந்ததும் வெறும் வயிற்றில் டீ குடிப்பதை நிறுத்தினார். (இது பெரிய போராட்டம். டீயை எட்டரை மணிக்குத் தள்ளி வைக்க இரண்டு வாரம் ஆனது.) அதற்குப் பதில் ஒரு கை தேங்காய்த் துருவலை அரைத்துப் பிழிந்த பால் அரை டம்ளர், வெதுவெதுப்பாக. எட்டரைக்கு இரண்டு முட்டை, இரண்டு டீஸ்பூன் எண்ணெய் விட்டுப் பொரித்தது. பதினொரு மணிக்கு வேலை நடுவில் ஒரு கை வேகவைத்த நிலக்கடலை, ஒரு பழுத்த வாழைப்பழம். மதியம் மீன் குழம்பு அல்லது கோழி, கூடவே சுரைக்காய், பீர்க்கை, புடலை, பூசணி இப்படி ஏதாவது ஒரு காய், தேங்காய் தாராளமாகப் போட்டு. நாலு மணிக்கு ஒரு எள்ளுருண்டை. இரவு சீக்கிரமே, ஏழரைக்குள், தேங்காய் அரைத்த முட்டைக் குழம்பு, காய். படுக்கும் முன் ஒரு கப் கெட்டித் தயிர்.

கணக்குப் போட்டால் சுமார் 1,600 கலோரி வந்தது. அவர் எடைக்கு இது போதும், கொஞ்சம் மிச்சமும் ஆகும். சோறு ஒரு பருக்கை இல்லை.

ஆனால் முதல் நாளே இத்தனையும் சாப்பிடவில்லை. ஒரு மாதம் பிடித்தது. எண்ணெயை மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரு டீஸ்பூன் என்ற கணக்கில்தான் கூட்டினோம். ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் உள்ள உப்புகள் குலைந்து ஆபத்தாகும். எலும்பும் தோலுமாக இருப்பவர்களுக்கும், பல நாள் ஒன்றுமே சாப்பிடாதவர்களுக்கும் மருத்துவமனையில் வைத்துத்தான் சாப்பாடு தொடங்க வேண்டும். வீட்டில் "நல்லா சாப்பிடு, நல்லா சாப்பிடு" என்று திணிக்காதீர்கள்.

எண்ணெய் கூட்டியதும் மலம் வெளுத்து, எண்ணெய்ப் பிசுக்காக, மிதந்து, கழுவினாலும் போகாமல் இருந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். கொழுப்பைச் செரிக்க வைக்கும் கணையம் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். அதற்குத் தனி மாத்திரை உண்டு. அது இல்லாமல் எண்ணெய் ஊற்றிப் பயனில்லை.

கடலை சிலருக்கு வாயு பண்ணும். வறுத்ததைவிட வேகவைத்ததை நன்றாக மென்று தின்றால் பரவாயில்லை. அதுவும் ஆகாவிட்டால் துவையலாக அரைத்துக்கொள்ளலாம். முட்டைக்கோஸ், காலிபிளவர், மொச்சை, கொத்தவரை, அதிக வெங்காயம் வயிறு சரியாகும் வரை வேண்டாம். பேதிக்குப் பிறகு சில வாரம் பால் ஒத்துக்காது, தயிர் ஒத்துக்கொள்ளும். மெல்லுங்கள், நம் பெண்கள் சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்தால் பேருந்துக்கு ஓடுவது போல இருக்கிறது. விழுங்குகிற காற்றும் வயிற்றில்தான் போய் நிற்கும்.

முட்டை, மீன் சாப்பிடாதவர்கள் தயிர், பனீர், கடலை, எள், தேங்காய் வைத்துச் சமாளிக்கலாம். மாவுச்சத்தை முழுவதும் விடாமல் குறைத்தால் மட்டும் போதும் என்பவர்கள் பாசிப்பருப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு எள்ளுருண்டையில் வெல்லமும் வாழைப்பழமும் ஆகாது; வெறும் எள் பொடியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முக்கியமான எச்சரிக்கை: சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றை நிறுத்தினால் சர்க்கரை அளவு படாரென இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. மருந்து அளவை டாக்டர் மாற்றிக் கொடுத்த பிறகுதான் சாப்பாட்டை மாற்ற வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முட்டை, கறி அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரத்தக்கொழுப்பு, இதய நோய் உள்ளவர்களும் அப்படியே. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் மாவுச்சத்தை விடுகிற யோசனையே வேண்டாம்.

கடைசியாகச் சாப்பிடுகிறவர்

பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். பத்து நாள் கழித்துப் போனால் எடை அப்படியே இருந்தது. விசாரித்தால், முட்டை வாங்குகிறார், பொரிக்கிறார், மகனுக்கும் வீட்டுக்காரருக்கும் வைக்கிறார். "அவுக சாப்பிடும்போது நான் மட்டும் தனியா எப்படி மேடம்?" மீனில் தலையும் குழம்பும்தான் அக்காவுக்கு.

இதற்கு நாங்கள் எந்தப் புத்தகத்திலும் வழி படிக்கவில்லை. குழுவே வழி கண்டுபிடித்தது. பக்கத்து வீட்டு உறுப்பினர் ஒருவர், "காலை முட்டைய என் வீட்ல வந்து சாப்பிடு, நான் பொரிச்சு வைக்கிறேன், காசு நீ குடு" என்றார். இன்னொருவர் அக்காவின் மாமியாரிடம் பேசினார். அந்த மாமியாரே பிறகு எள்ளுருண்டை பிடித்துக் கொடுக்கத் தொடங்கினார், அது நாங்கள் எதிர்பார்க்காதது. வீட்டுக்காரரிடம் நாங்கள் பேசினோம். "எடை ஏறலைன்னா களைக்குப் போக முடியாது, தவணை நிக்கும்" என்று சொன்னோம். தவணை என்றதும் காது கொடுத்தார். ஒரு மனுஷி மெலிகிறாள் என்பதைவிடத் தவணை நிற்கும் என்பது பெரிதாகக் கேட்கிறதே என்று எங்களுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் மீன் துண்டு தட்டுக்கு வந்தது.

காட்டு வேலைக்குப் போகிற இடத்தில் ஒதுங்க வசதி இல்லை என்பதற்காகக் காலையில் சாப்பிடாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல் போகிற பழக்கமும் நமக்கு உண்டு. வயிற்றுக் கோளாறு உள்ளவர்கள் அதையே காரணமாக்கிப் பட்டினி கிடக்கிறார்கள். இது சாப்பாட்டுப் பாடம் மட்டும் அல்ல. கிராம சபையில் கேட்க வேண்டிய விஷயம், அடுத்த இதழில் எழுதுகிறோம்.

டின்னும் மாத்திரையும்

எடை ஏற என்று ஒரு பவுடர் டின் நம் கூட்டங்களுக்கே வந்து விற்கிறார்கள். ஒரு டின் 1,900 ரூபாய். ஒரு உறுப்பினர் அதற்கு உள்கடன் கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதியதைப் பார்த்தோம். முட்டை ஒன்று 7 ரூபாய் என்று வைத்தால் 1,900 ரூபாய்க்கு 271 முட்டை. தினம் இரண்டு வீதம் நாலரை மாதம் வரும். கடன் கொடுப்பதா வேண்டாமா என்பது குழுவின் முடிவு, இந்தக் கணக்கை மட்டும் சொல்லிவிட்டு வந்தோம்.

டின்னைவிட மோசமானது "உடம்பு தேற" என்று சில்லறையாகக் கொடுக்கிற மாத்திரைகள். டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை அதில் ஒன்று. சாப்பிட்டால் பசிக்கும், முகம் உருண்டையாகும், பார்ப்பவர்கள் "தேறிட்ட" என்பார்கள். அது சதை இல்லை, நீரும் கொழுப்பும். உள்ளே எலும்பு பலமிழக்கும், சர்க்கரை ஏறும், வயிறு புண்ணாகும், கிருமியை எதிர்க்கும் சக்தி போகும். பெயர் எழுதாத சில லேகியம், பொடிகளிலும் இதைக் கலப்பதுண்டு. ஏற்கெனவே பல வாரம் சாப்பிட்டு வருபவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. டாக்டரிடம் காட்டிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். சைப்ரோஹெப்டடின் என்ற இன்னொரு மாத்திரை பசியைத் தூண்டும், தூக்கத்தையும் கொடுக்கும். டாக்டர் சொல்லாமல் அதுவும் வேண்டாம்.

உடனே போக வேண்டிய நேரம்

மலத்தில் ரத்தம், அல்லது தார் போலக் கறுத்த மலம் (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், அதைச் சொல்லிக் கேளுங்கள்), சாயங்காலக் காய்ச்சல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், தூக்கத்தை எழுப்புகிற பேதி, விடாத வாந்தி, விழுங்கக் கஷ்டம், வயிற்றில் கட்டி, மஞ்சள் கண். இதில் ஒன்று இருந்தாலும் சாப்பாட்டுப் பட்டியலை ஓரம் வைத்துவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் அரசில் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தார்கள், 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. பணம் வங்கிக் கணக்குக்கு வரும். நம் குழுப் பாஸ்புக் இல்லை, உங்கள் சொந்தப் பாஸ்புக் வேண்டும்.

சோறு திரும்பி வந்த கதை

ஆறு வாரம் கழித்து அக்காவே கேட்டார், "கொஞ்சம் கஞ்சி குடிச்சுப் பார்க்கவா மேடம்?" குழைய வேகவைத்த கஞ்சி, ஒரு கரண்டி, மதியம் மட்டும். மூன்று நாள் பார்த்தோம். ஒன்றும் செய்யவில்லை. இரண்டு கரண்டி. பிறகு பாசிப்பருப்புத் தண்ணீர், பிறகு இட்லி ஒன்று. ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுப் பொருள்தான். இரண்டு மூன்றைச் சேர்த்துத் தொடங்கினால் எது ஒத்துக்கவில்லை என்று தெரியாது. சோற்றைச் சூடாகச் சாப்பிடச் சொன்னோம். ஆறின சோற்றில் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறிவிடும். நல்ல வயிற்றுக்கு அது நல்லதே, புண்பட்ட வயிற்றுக்கு வாயு பண்ணும். பழைய சோறு இல்லாமல் அக்காவுக்கு மனசே ஆறவில்லை என்பது வேறு விஷயம். நாலாவது மாதம் அதையும் சாப்பிட்டார்.

மகளின் பழைய பள்ளி நோட்டில் தினமும் எழுதி வைத்தார்: என்ன சாப்பிட்டது, எத்தனை மணி, வயிறு எப்படி இருந்தது. எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளை எழுதச் சொல்லலாம். இரண்டு வாரம் எழுதினாலே போதும். டாக்டர் நம் பேச்சைவிட அந்த நோட்டைத்தான் ஆவலாகப் பார்த்தார்.

எடை பார்க்க அங்கன்வாடி, சுகாதார நிலையம் எங்கே பெரியவர்கள் நிற்கும் மெஷின் இருக்கிறதோ அங்கே பதினைந்து நாளுக்கு ஒருமுறை போனால் போதும். காலையில், ஒரே மாதிரிப் புடவையில். தினம் ஏறி நின்றால் மனசுதான் கெடும். மாதம் அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை ஏறுவது நல்ல ஏற்றம். ஒரு வாரத்தில் மூன்று கிலோ ஏறினால் சந்தோஷப்படாதீர்கள். கணுக்காலில் விரலால் அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் அது நீர், டாக்டரிடம் காட்ட வேண்டும்.

எவ்வளவு எடைக்குக் கீழே போகக் கூடாது? உயரம் 145 சென்டிமீட்டர் (நாலடி ஒன்பது அங்குலம்) என்றால் 39 கிலோ, 150 என்றால் 42, 155 என்றால் நாற்பத்து நாலரை, 160 (ஐந்தடி மூன்று அங்குலம்) என்றால் நாற்பத்து ஏழரை கிலோ. இதற்குக் கீழே இருந்தால் எடை குறைவு என்று பொருள்.

அக்காவின் கணக்கு இப்படிப் போனது. முதல் மாதம் அரைக் கிலோ. இரண்டாவது மாதம் ஒரு கிலோ. மூன்றாவது மாதம் ஊரில் காப்புக் கட்டிப் பொங்கல், ஏழு நாள் விரதம் இருந்தார், சொல்லியும் கேட்கவில்லை. அரைக் கிலோ இறங்கியது. பிறகு ஒன்றரை, ஒன்றரை, கடைசி மாதம் அரை. ஆறு மாதத்தில் 38லிருந்து நாற்பத்து இரண்டரை. இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும். தண்ணீர் காய்ச்சிக் குடிக்கிறார்கள், வீட்டில் எல்லோரும் சாப்பிடும் முன்னும் வெளியே போய் வந்த பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்கள். இல்லாவிட்டால் அதே கிருமி திரும்ப வரும். நிலுவைத் தவணையைக் குழு மூன்று மாதம் தள்ளி வைத்துத் தீர்மானம் போட்டது, இப்போது கட்டி வருகிறார்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

நம் குழுவில் போன தீபாவளிக்குத் தைத்த ரவிக்கை இப்போது தொளதொளவென்று இருப்பது யாருக்கு? அவர் டாக்டரிடம் போனாரா, அல்லது சாப்பாட்டை மட்டும் விட்டாரா?

நம் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? நேற்று இரவு அவர் தட்டில் என்ன இருந்தது? ஒவ்வொருவரும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அயோடின் சோதனையை எந்தக் கூட்டத்தில் செய்யலாம், பாட்டில் யார் வாங்கி வருவது என்று தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள். செய்த குழுக்கள் என்ன பார்த்தீர்கள் என்பதை எங்களுக்கு எழுதி அனுப்பினால் இதழில் போடுகிறோம்.